கறுப்பின நடிகர்கள் நடித்த அமெரிக்க விவிலியப் படங்கள்: எதை முதலில் பார்ப்பது?

அமெரிக்காவில் பேசும்படம் வேரூன்றிய முதல் பதினைந்து ஆண்டுகளில், முழுவதும் கறுப்பின நடிகர்களைக் கொண்டு, விவிலியக் கதைகளையும் விவிலியத்தின் சாயல் கொண்ட உவமைகளையும் சொன்ன படங்கள் சில வெளிவந்தன. திரைப்பட வட்டம் நடத்துகிறவர்கள், திருச்சபை இளைஞர் குழுக்களுக்குப் படம் தேடுகிறவர்கள், இறையியல் பயிலும் மாணவர்கள் ஆகியோர் இந்தப் படங்களைப் பற்றிக் கேட்கும்போது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தயங்கி நிற்கிறார்கள்: ஒரு மாலைப் பொழுதில் ஒரு படம்தான் பார்க்க முடியும் என்றால் எதைப் பார்ப்பது? பட்டியல்களில் எப்போதும் முதலில் நிற்பது 1936இல் வார்னர் பிரதர்ஸ் வெளியிட்ட ‘தி கிரீன் பாஸ்சர்ஸ்’. விவிலியத்தை மிக நேரடியாகச் சொல்லும் படம் அதுதான் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தப் படம் யாருடைய விசுவாசத்தைக் காட்டுவதாகச் சொல்கிறதோ, அவர்களிடமிருந்து அது வெகு தொலைவில் நிற்கிறது. விவிலியத்தின் ஓர் அதிகாரத்தைக்கூட நேராகச் சொல்லாத எளிய படங்கள் அவர்களுக்கு மிக அருகில் நிற்கின்றன. எனவே தேர்வு செய்வதற்கு முன், எதை எதனோடு ஒப்பிடுகிறோம் என்று தெளிவுபடுத்திக்கொள்வது அவசியம்.

எவற்றைக் கொண்டு எடைபோடுவது

முதல் அளவுகோல், படத்தை யார் எடுத்தார்கள் என்பது. கறுப்பர்கள் நடித்த படமும் கறுப்பர்கள் எடுத்த படமும் அக்கால அமெரிக்காவில் இருவேறு உலகங்களைச் சேர்ந்தவை. தென்மாநிலங்களில் பள்ளியும் பேருந்தும் திரையரங்கும் சட்டப்படி நிறத்தால் பிரிக்கப்பட்டிருந்தன. ஹாலிவுட்டில் கறுப்பின நடிகருக்குக் கிடைத்தவை வேலைக்காரர், கோமாளி போன்ற வேடங்களே. அதற்கு மாற்றாக, கறுப்பினப் பார்வையாளர்களுக்கென்றே குறைந்த செலவில் எடுக்கப்பட்ட படங்கள் ‘ரேஸ் படங்கள்’ எனப்பட்டன. இந்த வேறுபாட்டுக்கே நான் மிகுந்த எடை தருகிறேன்.

இரண்டாவது, விவிலியத்தோடு உள்ள நெருக்கம்: படம் விவிலிய நிகழ்ச்சிகளை வரிசையாகச் சொல்கிறதா, அல்லது அவற்றின் கருத்தை வேறொரு கதையில் வைத்துச் சொல்கிறதா? மூன்றாவது, கடவுளையும் பாவத்தையும் இரக்கத்தையும் பற்றி அது என்ன சொல்கிறது? நான்காவது, இன்றைய தமிழ்ப் பார்வையாளருக்கு அது வைக்கும் சுமை: புரியாத பேச்சுவழக்கு, ஒலியின்மை, முன்விளக்கம் இல்லாமல் காட்டக் கூடாத சித்திரிப்புகள். கடைசியாக, நல்ல படச்சுருள் கிடைக்கிறதா, உரிமைச் சிக்கல் உண்டா என்ற நடைமுறைக் கேள்விகள். விலைப்பட்டியலில் தெரியாத செலவுகள் பெரும்பாலும் இந்தக் கடைசி இரண்டில்தான் ஒளிந்திருக்கின்றன.

‘தி கிரீன் பாஸ்சர்ஸ்’ (1936)

தலைப்பு, ‘அவர் என்னைப் புல்லுள்ள இடங்களில் மேய்த்து’ என்று நாம் மனப்பாடமாக அறிந்த 23ஆம் சங்கீதத்திலிருந்து வருகிறது. படத்துக்கு மூலம் ஒரு நாடகம். அந்நாடகத்துக்கு மூலம் நியூ ஆர்லியன்ஸில் பத்திரிகைப் பணியில் இருந்த ரோர்க் பிராட்ஃபோர்டு 1928இல் வெளியிட்ட கதைத் தொகுப்பு. அதை மார்க் கானலி நாடகமாக்கினார். 1930 பிப்ரவரியில் நியூயார்க்கில் அரங்கேறிய அது அவ்வாண்டின் புலிட்சர் பரிசைப் பெற்றது. படத்தைக் கானலியும் வில்லியம் கெய்லியும் சேர்ந்து இயக்கினார்கள். பிராட்ஃபோர்டு உட்பட மூவருமே வெள்ளையர்.

லூசியானாவின் ஒரு கிராமத்து ஞாயிறு பள்ளியில் திரு. டெஷீ என்ற முதியவர் பிள்ளைகளுக்கு ஆதியாகமத்தைச் சொல்லிக்கொடுக்க, அந்தப் பிள்ளைகளின் கற்பனையில் விண்ணகம் விரிகிறது. அங்கே தேவதூதர்கள் மீன் வறுத்து விருந்துண்கிறார்கள். கருப்பு நீள்கோட்டு அணிந்த கடவுள் கஸ்டர்டைச் சுவைத்துப் பார்த்து, அதில் ஆகாயவிரிவு போதவில்லை என்று அதை மிகுதியாக உண்டாக்கிவிட, மிஞ்சிய நீர் வடிவதற்காகவே பூமி படைக்கப்படுகிறது. தொடர்ந்து ஆதாம், காயீன், நோவா, மோசே, பாபிலோன் என்று பழைய ஏற்பாடு வரிசையாக வருகிறது. பேழையில் எத்தனை பீப்பாய் மது ஏற்றலாம் என்று நோவா கடவுளிடமே பேரம் பேசுகிறார்.

நடிப்பைப் பொறுத்தவரை இந்தப் படத்துக்கு நிகர் வேறில்லை என்றே சொல்வேன். ரெக்ஸ் இங்கிராம் கடவுளாகவும் ஆதாமாகவும் ஹெஸ்ட்ரல் என்ற வீரனாகவும் மூன்று வேடங்களில் வருகிறார். கேலிக்கூத்தாக நழுவிவிடக்கூடிய காட்சிகளில்கூட அவர் குரலிலும் நிற்கும் விதத்திலும் ஒரு கண்ணியம் கலையாமல் இருக்கிறது. காபிரியேலாக ஆஸ்கர் போக்கும் நோவாவாக எடி ஆண்டர்சனும் நடித்தார்கள். ஹால் ஜான்சன் என்ற கறுப்பின இசைஞரின் பாடகர் குழு பாடும் ஸ்பிரிச்சுவல் பாடல்கள் (அடிமைக் காலத்தில் பிறந்த கறுப்பினப் பக்திப் பாடல்கள்) படம் முழுவதையும் தாங்கி நிற்கின்றன. வசனத்தை மறந்து பாடல்களை மட்டும் கேட்டாலும் இந்தப் படத்தின் மிக உண்மையான பகுதி கைக்குக் கிடைத்துவிடும்.

இறையியல் நோக்கில் இதன் உச்சம் பிற்பகுதியில் வருகிறது. மனிதர்மீது சலித்துக் கைவிட்ட கடவுள் வேடம் மாறி, முற்றுகையிடப்பட்ட எருசலேமில் போரிடும் ஹெஸ்ட்ரலைச் சந்திக்கிறார். விவிலியத்தில் இல்லாத இந்தப் பாத்திரம், கோபமும் பழிவாங்குதலும் உள்ள பழைய கடவுளைத் தாங்கள் வணங்குவதில்லை, ஓசியா தீர்க்கதரிசி கண்ட இரக்கமுள்ள கடவுளையே வணங்குகிறோம் என்கிறான். அந்த இரக்கத்தை எப்படிக் கண்டுகொண்டீர்கள் என்று கடவுள் கேட்க, துன்பத்தின் வழியாக என்று பதில் வருகிறது. மனிதனிடமிருந்து கடவுள் கற்றுக்கொள்கிறார் என்ற இந்தத் துணிச்சலான எண்ணம் படத்தின் இறுதியில் சிலுவையை நோக்கி நகர்கிறது. ஒரு ஸ்டுடியோ 1936இல் இப்படியொரு காட்சியை எடுக்க முன்வந்தது இன்றும் வியப்புக்குரியதே. இங்கிலாந்தில் கடவுளை மேடையில் மனித உருவில் காட்டக் கூடாது என்ற காரணத்தால் நாடகத்துக்கு அனுமதியே கிடைக்கவில்லை.

இனி மறைவான செலவுகளுக்கு வருவோம். பிள்ளைகளின் கற்பனை என்ற சட்டகத்தைக் காரணமாகக் காட்டி, ஒரு மக்கள் கூட்டத்தின் சமயத்தையே பிள்ளைத்தனமானதாக இந்தப் படம் காட்டுகிறது. விண்ணகத்திலும் தூசிதட்டும் பணிப்பெண்களாகவும் சுருட்டுக்கு ஏங்குகிறவர்களாகவுமே அவர்கள் இருக்கிறார்கள். எனக்கு இதைவிடப் பெரிய குறையாகத் தோன்றுவது யாத்திராகமத்தை அது கையாளும் முறை. அமெரிக்கக் கறுப்பினத் திருச்சபைக்கு மோசேயின் கதை வெறும் பழங்கதை அன்று. அடிமைத்தளையிலிருந்து மீட்கப்படுவோம் என்ற நம்பிக்கையே அந்தக் கதையில்தான் வேரூன்றியிருந்தது. படத்திலோ பார்வோன் மந்திர வித்தைகளில் மயங்கும் அரசன். மோசே அவனை வித்தையால் வெல்லும் கெட்டிக்காரர். இந்தப் படம் திரைக்கு வந்த அதே 1936இல்தான், வேலையிழந்த எழுத்தாளர்களுக்குப் பணி தர அமெரிக்க அரசு ஏற்படுத்திய எழுத்தாளர் திட்டம் முன்னாள் அடிமைகளை நேரில் சந்தித்து அவர்களுடைய நினைவுகளைப் பதிவுசெய்யத் தொடங்கியிருந்தது. அடிமை வாழ்வை உடலில் சுமந்த முதியவர்கள் உயிரோடிருந்த காலத்தில், விடுதலைப் பயணத்தின் கதையிலிருந்து அடிமைத்தனத்தின் வலி இவ்வளவு வடிந்துபோனது தற்செயல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

மேடையில் கடவுளாக நடித்த ரிச்சர்டு பி. ஹாரிசனுக்குக் கறுப்பின முன்னேற்றச் சங்கமான என்ஏஏசிபி 1931இல் தன் உயரிய விருதான ஸ்பிங்கார்ன் பதக்கத்தை அளித்தது. ஆகவே அம்மக்கள் அனைவரும் இந்தப் படைப்பை வெறுத்தார்கள் என்று சொல்வது பொருந்தாது. ஆனால் 1933இல் வாஷிங்டனின் நேஷனல் தியேட்டருக்கு நாடகம் வந்தபோது, மேடையில் கடவுளாக நின்ற கறுப்பரைக் காணக் கறுப்பர்கள் அரங்குக்குள் அனுமதிக்கப்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். திரையிடுகிறவர்கள் இவற்றையெல்லாம் முன்னுரையாகச் சொல்லக் கால்மணி நேரமாவது ஒதுக்க வேண்டியிருக்கும். 93 நிமிடப் படத்தின் மீது ஏறும் கூடுதல் செலவு அது. அமெரிக்காவில் இதன் பதிப்புரிமை இன்னும் நடப்பில் இருக்கிறது என்பதால், பொதுத் திரையிடலுக்கு முன் உரிமை நிலையை விசாரித்துக்கொள்ள வேண்டும். தமிழில் வசன வரிகள் சேர்க்க நினைப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு: வெள்ளை எழுத்தாளர்கள் கறுப்பர் பேச்சாகக் கற்பித்த அந்த வழக்கை நம் ஊர்ப் பேச்சுவழக்கு ஒன்றில் ஏற்றினால், அந்த இழிவு இங்குள்ள யாரோ ஒருவர்மீது போய் விழும். நேரான, எளிய தமிழில் எழுதிவிடுவதே நல்லது.

பழைய ஏற்பாட்டு நிகழ்ச்சிகள் வரிசையாக வேண்டும் என்பவர்களுக்கும், கடவுளின் கோபம் இரக்கமாக மாறுவதைப் பற்றி விவாதிக்க விரும்புகிறவர்களுக்கும் இதைவிடப் பொருத்தமான படம் இல்லை.

‘தி பிளட் ஆஃப் ஜீசஸ்’ (1941)

ஸ்பென்சர் வில்லியம்ஸ் லூசியானாவின் விடாலியாவில் 1893இல் பிறந்த கறுப்பினக் கலைஞர். டல்லஸ் நகரில் படவிநியோகம் நடத்திவந்த ஆல்ஃபிரட் சாக் என்ற வெள்ளையர் பணம் போட, கதை, திரைக்கதை, இயக்கம், முக்கிய வேடம் அனைத்தையும் வில்லியம்ஸே ஏற்று, டெக்சஸில் சுமார் 5,000 டாலர் செலவில் எடுத்த படம் இது. ஹாலிவுட்டின் கணக்கில் அது ஒரு செலவே அல்ல.

மார்த்தா என்ற இளம்பெண் ஆற்றில் ஞானஸ்நானம் பெறுகிறாள். அவளுடைய கணவன் ராஸுக்கு நம்பிக்கை கிடையாது. வீட்டில் அவனுடைய துப்பாக்கி தவறி விழுந்து வெடிக்க, குண்டு மார்த்தாவைத் துளைத்துச் சென்று சுவரிலிருந்த இயேசுவின் படத்தில் பாய்கிறது. சபையார் அவள் கட்டிலைச் சூழ்ந்து பாடி மன்றாட, அவளுடைய ஆன்மாவைத் தேவதூதர் ஒருவர் அழைத்துச் செல்கிறார். சாத்தான் அனுப்பிய யூதாஸ் கிரீன் அவளுக்குப் பகட்டான உடையைக் கொடுத்து நகரத்து இரவு விடுதிக்குக் கூட்டிப்போகிறான். அங்கிருந்து தப்பி ஓடிவரும் அவள் ஒரு குறுக்குச்சாலையில் விழுகிறாள். ஒரு பக்கம் சீயோனுக்கு, மறுபக்கம் நரகத்துக்கு என்று வழிகாட்டிப் பலகை நிற்கிறது. அருகே லாரி ஒன்றில் ஜாஸ் குழு வாசிக்க, சாத்தான் காத்திருக்கிறான். அந்தப் பலகை சிலுவையாக மாறி, அதிலிருந்து சொட்டும் இரத்தம் அவள் முகத்தில் விழுகிறது.

இதில் விவிலிய நிகழ்ச்சி ஒன்றுகூட நேராக இல்லை. ஆனாலும் மத்தேயு நற்செய்தியின் ஏழாம் அதிகாரம் சொல்லும் இடுக்கமான வாசலும் விசாலமான வழியும் டெக்சஸின் புழுதிச் சாலையில் இவ்வளவு கண்கூடாக வேறெந்தப் படத்திலும் விரிந்ததில்லை. ‘கிரீன் பாஸ்சர்ஸ்’ படத்தில் பெண்கள் பெரும்பாலும் தூசிதட்டுகிறவர்களாகவோ மயக்குகிறவர்களாகவோ வருகிறார்கள். இங்கே மீட்புக்காகப் போராடும் ஆன்மாவே ஒரு பெண். காத்ரின் காவினஸ் அந்த வேடத்தைத் தேர்ந்த நடிகையாக அல்லாமல், சபையில் நம் அருகே அமர்ந்திருக்கும் ஒருவராகவே தாங்குகிறார். சபையாரின் பாட்டும் மன்றாட்டும் வேடிக்கைக் காட்சியாக ஓரிடத்திலும் தாழ்வதில்லை. தம்மவர்கள் எப்படி வேண்டுவார்கள் என்று அறிந்த ஒருவர் தம்மவர்களுக்காகவே எடுத்ததால், கேமராவுக்கு யாருக்கும் எதையும் விளக்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

குறைகளும் உண்டு. ஒலிப்பதிவு கரகரக்கிறது, சில நடிகர்கள் வசனத்தை ஒப்பிக்கிறார்கள், விடுதிக் காட்சிகள் நீளுகின்றன. ஆன்மாக்கள் விண்ணகம் ஏறும் காட்சியைத் தனியாக எடுக்கப் பணமில்லாததால், 1911ஆம் ஆண்டின் இத்தாலிய மௌனப் படம் ஒன்றிலிருந்து துண்டுகளை எடுத்துச் சேர்த்திருக்கிறார்கள். ஒட்டு நன்றாகவே தெரியும். ஜாஸ் இசையைச் சாத்தானின் கருவியாகவே காட்டுவதை, அந்த இசையை நேசிக்கும் இளைஞர்கள் கேள்வி கேட்பார்கள். கேட்கட்டும், நல்ல விவாதம் அங்கிருந்து பிறக்கும். இணையத்தில் சுழலும் இலவசப் பிரதிகள் பல மங்கலானவை என்பதால், கினோ லோர்பர் நிறுவனம் வெளியிட்ட ‘பயனியர்ஸ் ஆஃப் ஆப்ரிக்கன்-அமெரிக்கன் சினிமா’ தொகுப்பில் உள்ள பிரதியைத் தேடிப் பெறுவது நல்லது. 1991இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம்பெற்றபோது, அந்தப் பெருமையைப் பெற்ற முதல் ரேஸ் படம் இதுவாகவே இருந்தது.

ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஓடுவதால், பார்த்த கையோடு பேசவும் நேரம் மிஞ்சும். திருச்சபை இளைஞர் குழுவுக்கும், இந்த வகைப் படத்தை முதன்முதலில் பார்ப்பவருக்கும் நான் தயங்காமல் சொல்வது இதையே.

‘ஹெல்-பவுண்ட் ட்ரெய்ன்’ (சுமார் 1930)

ஜேம்ஸ் கிஸ்ட், எலாய்ஸ் கிஸ்ட் என்ற தம்பதியர் நற்செய்திப் பணியாளர்கள். ஸ்டுடியோ எதையும் சாராதவர்கள். 16 மி.மீ. கேமராவில் இந்த மௌனப் படத்தை எடுத்து, படக்கருவியோடு கறுப்பினத் திருச்சபைகளுக்கு ஊர் ஊராகச் சென்று காட்டினார்கள். படத்தோடு பாட்டும் பிரசங்கமும் சேர்ந்தே நடந்தன. நரகத்துக்குப் போகும் ரயிலைக் கொம்பு வைத்த சாத்தான் ஓட்டுகிறான். போக மட்டுமே சீட்டு உண்டு, திரும்பி வரச் சீட்டு கிடையாது. குடிகாரர், சூதாடிகள், நடனமாடுவோர், விசுவாசத்திலிருந்து பின்வாங்கியவர் என ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பாவம்.

படைத்தவர்களும் நடித்தவர்களும் பார்த்தவர்களும் ஒரே சமூகத்தவர் என்ற வகையில், இந்த ஒப்பீட்டில் உள்ள படங்களுள் மிகத் தூயது இதுவே. அமெரிக்கச் சினிமாவின் முதல் கறுப்பினப் பெண் இயக்குநர்களுள் ஒருவராக எலாய்ஸ் கிஸ்ட் மதிக்கப்படுகிறார். ஆனால் இரக்கத்துக்கு இதில் இடம் குறைவு. தாய்மையைத் தவிர்க்க மருந்து உட்கொண்ட பெண்ணையும் அது பாவிகள் வரிசையில் நிறுத்திக் கடுமையாகத் தீர்ப்பிடுகிறது. கலந்துரையாடலை வழிநடத்தத் தெரிந்தவர் இல்லாத குழுவில் இதைக் காட்ட வேண்டாம். துண்டுகளாகக் கிடைத்த சுருள்களைச் சேர்த்து மீட்டது என்பதால் ஓட்டம் சீராக இருக்காது. அதன் இயல்பான வடிவத்தில் அனுபவிக்க வேண்டுமானால், ஒரு பாடகர் குழுவை அருகில் அமர்த்திப் பாடவைத்துத் திரையிட்டுப் பாருங்கள். நல்ல பாடகர் குழு உள்ள சபைகளுக்கு இது அரிய வாய்ப்பு.

‘ஹல்லெலூயா’ (1929)

கிங் விடோர் எம்ஜிஎம் நிறுவனத்துக்காக இயக்கியது. பருத்தி விற்ற பணத்தைச் சூதில் இழந்து, தம்பியையும் பறிகொடுத்து, பின் மனந்திரும்பிப் பிரசங்கியாகி, மீண்டும் தடுமாறி வீடு திரும்பும் ஸீக்கின் கதையில் கெட்ட குமாரன் உவமையின் தடம் தெளிவாகத் தெரியும். டேனியல் ஹெய்ன்ஸும் நீனா மே மெக்கின்னியும் நடித்திருக்கிறார்கள். ஆற்றங்கரை ஞானஸ்நானக் காட்சியும் சதுப்புநிலத் துரத்தலும் சினிமா மாணவர்கள் தவறவிடக் கூடாதவை. விடோரின் அக்கறை உண்மையானது. எனினும் கறுப்பரின் பக்தியையும் காமத்தையும் ஒரே கொதிப்பின் இரு முகங்களாகக் காட்டும் வெளியாரின் பார்வை அவரிடமும் இருக்கிறது. 2025 முதல் அமெரிக்காவில் இதன் பதிப்புரிமை முடிந்து இது பொதுவுடைமையாகிவிட்டது. ஒலிக்கலையின் தொடக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு நல்ல தேர்வு. விவிலியத்துக்காக மட்டும் பார்ப்பவர்களுக்கு அன்று.

பக்கத்தில் நிற்கும் இரண்டு

ஜேம்ஸ் வெல்டன் ஜான்சனின் கவிதையைச் சார்ந்து ஸ்பென்சர் வில்லியம்ஸ் எடுத்த ‘கோ டவுன் டெத்’ (1944), ‘தி பிளட் ஆஃப் ஜீசஸ்’ பிடித்தவர்கள் அடுத்துப் பார்க்க வேண்டியது. வின்சென்ட் மினெல்லியின் ‘கேபின் இன் தி ஸ்கை’ (1943) ஒரு சாதாரண மனிதனின் ஆன்மாவுக்காக விண்ணகமும் நரகமும் மோதும் இசைப்படம். எத்தல் வாட்டர்ஸின் பாட்டுக்காகவே பார்க்கலாம். முன்பு கடவுளாக நடித்த ரெக்ஸ் இங்கிராம் இதில் சாத்தானின் மகனாக வருகிறார்.

ஒரே பார்வையில்

| படம் | இயக்கியவர் | விவிலிய நெருக்கம் | நேரம் | கவனிக்க வேண்டியது |
|---|---|---|---|---|
| தி கிரீன் பாஸ்சர்ஸ் | கானலி, கெய்லி (வெள்ளையர்) | பழைய ஏற்பாட்டு நிகழ்ச்சிகள் வரிசையாக | 93 நிமிடம் | முன்னுரை கட்டாயம். உரிமை விசாரிக்க வேண்டும் |
| தி பிளட் ஆஃப் ஜீசஸ் | வில்லியம்ஸ் (கறுப்பினத்தவர்) | உவமை | ஒரு மணிக்குச் சற்றுக் குறைவு | மங்கலான பிரதிகள் மிகுதி |
| ஹெல்-பவுண்ட் ட்ரெய்ன் | கிஸ்ட் தம்பதியர் (கறுப்பினத்தவர்) | உவமை, பிரசங்கம் | சுமார் 50 நிமிடம் | மௌனப் படம். கடுமையான தொனி |
| ஹல்லெலூயா | விடோர் (வெள்ளையர்) | கெட்ட குமாரன் உவமையின் சாயல் | சுமார் 100 நிமிடம் | வெளியாரின் பார்வை |

யாருக்கு எது

ஒரே மாலைதான் கிடைக்கும் என்றால் ‘தி பிளட் ஆஃப் ஜீசஸ்’. இறையியல் வகுப்புக்கு ‘தி கிரீன் பாஸ்சர்ஸ்’, அதிலும் ஹெஸ்ட்ரல் காட்சியை இருமுறை போட்டுக் காட்டும் அளவுக்கு நேரம் ஒதுக்கி. சிறுவர்களுக்கான ஞாயிறு பள்ளியில் மட்டும் அதை வேண்டாம் என்பேன்: கேலியையும் பக்தியையும் பிரித்தறியும் வயது அவர்களுக்கு இன்னும் வரவில்லை, திரையில் முதலில் பதிவது கேலிதான். பாடகர் குழுவும் நல்ல வழிநடத்துநரும் உள்ள சபைக்கு ‘ஹெல்-பவுண்ட் ட்ரெய்ன்’.

இரண்டு மாலைகள் கிடைத்தால் வில்லியம்ஸின் படத்தை முதலிலும் கானலியின் படத்தை அடுத்ததாகவும் வையுங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள். மார்த்தாவின் கட்டிலைச் சுற்றி நின்று வேண்டும் சபையை முதலில் பார்த்தவர்கள், மறுமாலை விண்ணகத்து மீன் விருந்தைப் பார்க்கும்போது இது யாருடைய கற்பனை என்று தாமாகவே கேட்பார்கள். கால்மணி நேர முன்னுரையில் பாதியை அப்போது நீங்கள் சொல்ல வேண்டியிருக்காது.